புனித மிக்கேலும் 1064ஆம் எரரும்

மட்டக்களப்புப் புளியந்தீவில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியின் பெயரைத் தமிழில் அடித்துச் சேமித்தால் மென்பொருள் பெரும்பாலும் முணுமுணுக்காது. அதையே ஆங்கிலத்தில் அடித்தால், அவசரத்தில் எழுதப்பட்ட மென்பொருள்கள் அந்த இடத்திலேயே படுத்துவிடும். மைக்கேல் என்ற பெயரை அடுத்து ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வருவதுதான் காரணம். வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையின் ஆங்கிலப் பெயரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. புனித சிசிலியா பெண்கள் கல்லூரிக்கு இரண்டு.

டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு சொற்றொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே குறிதான். எனவே மைக்கேலோடு பெயர் முடிந்தது என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதைக் கட்டளையாக வாசிக்கப் பார்த்து, முடியாமல் நின்றுவிடுகிறது.

உயர்தர வகுப்பிலேயே எஸ்.கியூ.எல். படிப்பிக்கிறார்கள். ஆனால் கட்டளையை நேரே அடித்துப் பார்ப்பது ஒன்று, கோடுக்குள் துண்டு துண்டாக ஒட்டி அனுப்புவது இன்னொன்று. சிக்கல் பெரும்பாலும் ஒட்டிய இடத்தில்தான்.

எரரை வாசிப்பது எப்படி?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இத்தகைய இலக்கணப் பிழைக்குக் கொடுக்கும் எண் 1064. அந்தச் செய்தியில் 'நியர்' என்ற சொல்லுக்குப் பின்னால் கட்டளையின் ஒரு துண்டு காட்டப்படும். டேட்டாபேஸ் தடுக்கி விழுந்த இடம் அது. தடுக்கிய கல் வழக்கமாக அங்கேயோ அதற்குச் சற்று முன்னாலோ கிடக்கும். துண்டு வெறுமையாக இருந்தால், கட்டளை முடிந்த பின்னும் டேட்டாபேஸ் எதையோ எதிர்பார்த்து நிற்கிறது என்று பொருள். மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

கோடை வெறித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. ஒட்டி முடித்த முழுக் கட்டளையையும் திரையிலோ லொக் கோப்பிலோ எழுதவைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வரிகளை ஒட்டும்போது விட்டுப்போன இடைவெளி, கடைசி நிரலின் பெயருக்குப் பின் தொங்கும் காற்புள்ளி, ஒன்றுமே இல்லாத வெற்றுப் பட்டியல் எல்லாம் அப்போது கண்ணில் படும். அதே கட்டளை பி.எச்.பி.மைஅட்மினில் ஓடி, கோடில் மட்டும் விழுந்தால், ஒரே அழைப்பில் இரண்டு கட்டளைகளை அனுப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல இணைப்பு மென்பொருள்கள் அதை அனுமதிப்பதில்லை.

நேற்றுவரை ஓடியது இன்று விழுவதும் உண்டு. புள்ளிப் பட்டியலில் மாணவரின் நிலையைக் குறிக்க 'ரேங்க்' என்று ஆங்கிலத்தில் நிரலுக்குப் பெயரிடுவது வழக்கம். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 அந்தச் சொல்லைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. முந்திய பதிப்பான 5.7க்கான ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்தது. பழைய மென்பொருளைப் புதிய சேர்வருக்கு மாற்றுபவர்கள் நிரலின் பெயரை மாற்ற வேண்டும், அல்லது பேக்டிக் குறிக்குள் இட வேண்டும்.

ஒட்டாமல் அனுப்புங்கள்

மேற்கோள் குறியை இரட்டித்து எழுதினாலும் பெயர் சேமிக்கப்படும். ஆனால் ஓரிடத்தில் மறந்தால் போதும், பழைய கதைதான். சரியான வழி, கட்டளையையும் தரவையும் தனித்தனியே கொடுப்பது. அச்சடித்த படிவத்தில் கோடிட்ட இடம் விடுவதுபோல, பெயர் வரவேண்டிய இடத்தில் ? குறியை இட்டுக் கட்டளையை ஆயத்தம் செய்துவிட்டு, பெயரைப் பின்னர் சேர்க்கலாம். பி.எச்.பி.யின் பி.டி.ஓ., ஜாவாவின் ஜே.டி.பி.சி. இரண்டிலும் இந்த வசதி உண்டு. அந்தக் ? குறியை மேற்கோளுக்குள் போட்டால் அது வெறும் எழுத்தாகிவிடும். அட்டவணை, நிரல் ஆகியவற்றின் பெயர்களுக்கும் இது செல்லாது. அவற்றைக் கோடிலேயே எழுதிவைத்த பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

ஒரு பாடசாலைப் பெயரே கட்டளையை உடைக்குமானால், வேண்டுமென்றே எழுதப்பட்ட வரி அதை வளைத்துவிடும். இந்த வழியை 1998 டிசம்பரிலேயே 'ஃப்ராக்' இதழ் விவரித்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும், 2015இல், பிரிட்டனின் டோக்டோக் நிறுவனத்தில் ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியாகக் களவு போயின. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4,00,000 பவுண்ட். ஆகவே, பயனர் தன் பெயரை அடித்து 1064 வந்தால், அவரைக் குறியில்லாமல் அடிக்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். திருத்த வேண்டியது உங்கள் கோடு.