தூரத்தால் அளக்கவேண்டிய தீவு

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை வள்ளத்தில் ஏறும் சாமான்களைப் பார்த்தாலே நெடுந்தீவின் பாடு விளங்கிவிடும். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், மருந்துப் பெட்டி என்று எல்லாம் கடல் தாண்டித்தான் போகவேண்டும். யாழ்ப்பாணச் சந்தை விலைமேல் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கடற்கூலியும் ஏறிய பிறகே அவை ஒரு வீட்டின் அடுப்படியைச் சேரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று வந்த தார் வீதி இந்த இறங்குதுறையோடு முடிகிறது. இங்கிருந்து நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் வருவோரால் அந்தத் துறையில் படகுக்குக் குறைவில்லை. நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரக் கடல். சோளகக் காற்று உரத்தால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் நீளும்; சில நாள் வள்ளமே புறப்படாது.

பரந்த நிலம், சிறுத்த குடி

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது. அவையெல்லாம் வழக்கொழிந்தும் நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ட்' மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் நிற்கிறது. மாடுகள் நிறைந்திருந்ததால் பசுத்தீவு என்ற பெயரும் இதற்கு உண்டு.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாண மாவட்டத்தின் நிலத்தில் இருபதில் ஒரு பங்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்போது மாவட்டத்தின் சனத்தொகை 5,83,882. அதில் நெடுந்தீவார் நான்காயிரம் பேர்கூட இல்லை. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தின் நெருக்கமான வேலிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் பழகிய கண்ணுக்கு இங்கே வெளியும் பனையும் வானமுமே தெரியும். வேலிகூட வேறு விதம்: முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி எழுப்பிய கல்வேலி.

இந்த வெளியில் குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். பிறகு கட்டறுந்த குதிரைகள் தாமாகவே பெருகின. கடுங்கோடையில் குடிக்கத் தண்ணீரில்லாமல் அவை செத்து விழும் செய்தி அவ்வப்போது வரும்.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

நெடுந்தீவில் ஆறு இல்லை. வாடைக்காற்றோடு வரும் மாரி மழைதான் வருடத்துக்கான முதல். அந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால் அதன்கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரின் கணக்கு. அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால், அடியிலிருந்து உவர் அந்த 40 அடிக்கும் ஏறிவிடும். ஆகவே கிணறு வெட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு இறைக்கலாம் என்ற அளவும் தெரியவேண்டும். அந்த அளவு தெரிந்த சனம்தான் இந்தத் தீவில் தலைமுறைகளாக நிலைத்தது. இப்போது கடல்நீரைச் சுத்திகரித்தும் குடிநீர் எடுக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசலும் வள்ளத்தில்தான் வரவேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் ஒன்று 2021-இல் சீன நிறுவனத்துக்குத் தரப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்றது. பின்னர் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில், 1,700 கிலோவாட் சூரிய மின்சாரமும் 530 கிலோவாட் காற்று மின்சாரமும் தரும் திட்டமாக 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. இரண்டு பெரிய நாடுகள் இந்தச் சிறு தீவுகளின் இருப்பிடத்துக்கு விலை வைத்தன. அந்த இருப்பிடத்தில் குடியிருப்போரின் நாளாந்தச் செலவையும் யாராவது கணக்கில் எடுக்கவேண்டும்.

போனவர்களும் இருப்பவர்களும்

புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து முன்னேறியவர்கள். போருக்கு முன்பே தீவார் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பினார்கள். போர் அதை மாற்றியது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் தப்பவில்லை. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளில் தீவுப்பகுதி ஊர்கள் பல ஒரேயடியாக இடம்பெயர்ந்தன. புங்குடுதீவுக் கவிஞர் சு.வில்வரத்தினம், ஆளற்றுப்போன ஊரைப் பாடிய தொகுதிக்குக் 'காற்றுவெளிக் கிராமம்' என்றே பெயர் வைத்தார். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து வரும் பணத்தில் கோயில்கள் புதிதாய் எழுந்து நிற்கின்றன. பக்கத்து வளவில் பூட்டிய வீடு.

இருப்பவர்களுக்குக் கடலும் பனையும் மாடும்தான் தொழில். மீன், நண்டு, கணவாய், கருவாடு. ஒடியல், புழுக்கொடியல், பனையோலைக் கடகம். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தும், இந்திய இழுவைப்படகுகள் நெடுந்தீவுக் கடலில் அடிமட்டத்தையே வாரிப் போகின்றன. வலை அறுந்த வீட்டுக்கு அந்த வாரம் உலையில்லை. சுற்றுலாப் பயணிகள் காலையில் வந்து கோட்டையையும் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டுப் பின்னேர வள்ளத்தில் திரும்புகிறார்கள். இரவு தங்காத விருந்தாளியின் காசும் தீவில் தங்குவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நான்காயிரம் பேருக்கு இவ்வளவு செலவா என்று தலை எண்ணிப் பார்க்கும் எந்த அலுவலகமும் நெடுந்தீவுக்கு நீதி செய்யாது. தலை குறைந்தால் வள்ளம் குறையும். வள்ளம் குறைந்தால் ஆசிரியரும் மருத்துவரும் தங்கமாட்டார்கள். பிள்ளையின் படிப்புக்காகத் தாய் வீட்டைப் பூட்டுவாள். அடுத்த மதிப்பீட்டில் தலை இன்னும் குறையும். இந்தச் சுழலை அறுக்க, ஒதுக்கீட்டைத் தூரத்தால் அளக்கவேண்டும். காற்று நாளிலும் ஓடக்கூடிய பெரிய படகு, மீனைப் பழுதாகாமல் வைக்க ஐஸ், நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிப்போக எப்போதும் ஆயத்தமாய் நிற்கும் ஒரு வள்ளம். இவை நெடுந்தீவுக்குச் செய்யும் சலுகை அல்ல. மற்ற ஊர்களுக்கு வீதி எதுவோ, நெடுந்தீவுக்கு அந்த வள்ளம் அது.