எண்ணிக்கை சரி, ஏடுகள் வேறு

926ஆம் ஆண்டில் மாக்யார் குதிரைப்படை நெருங்குகிறது என்ற செய்தி எட்டியதும், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் சாங்க்ட் காலன் மடத்துத் துறவிகள் தங்கள் ஏடுகளை மூட்டைகட்டி, கான்ஸ்டன்ஸ் ஏரியில் உள்ள ரைஷனாவ் தீவு மடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். முதலில் ஏடுகள், அப்புறம்தான் பொன்னும் பாத்திரமும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர், பக்கத்துத் தேவாலயத்தை ஒட்டிய சிற்றறையில் தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்த விபோராடா என்ற பெண் துறவி. ஏடுகள் தப்பின, அறையை விட்டு வர மறுத்த அவர் கொல்லப்பட்டார். 1047இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. ஆபத்து நீங்கி ஏடுகள் வீடு திரும்பிய கதையை அடுத்த நூற்றாண்டில் எழுதிய நான்காம் எக்கெஹார்ட், ஒரு குறையையும் சேர்த்துப் பதிவு செய்கிறார். எண்ணிப் பார்த்தபோது கணக்கு சரியாக இருந்ததாம். ஆனால் போன ஏடுகளே திரும்பி வரவில்லையாம். நூறாண்டு ஆகியும் அந்த மடம் அதை மறக்கவில்லை. ஒரு பைபிளுக்குப் பதில் இன்னொரு பைபிள் வந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெரிய நஷ்டம் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. ஒரு மடத்தின் எழுத்துச் செல்வத்தில் ஒவ்வொரு ஏட்டுக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஏடுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்படி ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு அதைவிடப் பெரிய மதிப்பு உண்டு.

சாங்க்ட் காலனில் இதற்கான சான்றுகள் கண்முன்னே இருக்கின்றன. 612 வாக்கில் காலுஸ் என்ற துறவி காட்டுக்குள் குடில் போட்ட இடத்தில், 719இல் ஒட்மார் மடத்தை நிறுவினார். 747இல் அது பெனடிக்ட் ஒழுங்கை, நம் கத்தோலிக்கர் வழக்கில் சொன்னால் ஆசீர்வாதப்பர் ஒழுங்கை, ஏற்றது. அந்த ஒழுங்கு தினமும் வாசிக்கச் சொல்கிறது. வாசிக்க ஏடு வேண்டும், ஏட்டுக்கு எழுத்தர் வேண்டும், எழுதியவற்றுக்குக் கணக்கு வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய நூற்பட்டியல் ஒன்று 728ஆம் எண் சுவடியாக இன்றும் அங்கே இருக்கிறது. பட்டியலின் தொடக்கத்தில், ஐரிஷ் எழுத்தில் அமைந்த முப்பது சொச்சம் நூல்களைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். பின்னால் வந்த கை ஒன்று ஓரத்தில் பிரதியின் தரத்தைக் குறித்துச் செல்கிறது: இது நன்று, இது பயனில்லை. இரவல் போன நூல்களுக்கும் குறிப்பு உண்டு. பேரரசர் பருத்த சார்லஸின் மனைவி ரிக்கார்டிடம் ஒன்று இருப்பதாக அதில் பதிந்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே நூலகத்தின் அலமாரியில் அதே நூலை எடுத்துச் சரிபார்க்க முடிகிற இடம் ஐரோப்பாவில் மிக அரிது. அந்தத் துறவிகளிடம் என்ன இருந்தது என்று மட்டுமல்லாமல், எதை மதித்தார்கள், எதைச் சந்தேகித்தார்கள், எது காணாமல் போயிற்று என்பதெல்லாம் அப்போதுதான் தெரிகிறது.

சுவடிகளுக்குப் பக்கத்திலேயே மடத்தின் ஆவணக்காப்பகமும் இருக்கிறது. 1000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட 700க்கும் மேற்பட்ட மூலப் பத்திரங்கள் அங்கே உள்ளன. பெரும்பாலும் நில தானமும் நிலப் பரிமாற்றமும். ஒவ்வொரு தோல் பத்திரத்தையும் மடித்து, வெளியே தெரியும் முதுகுப் பக்கத்தில் ஊரையும் கொடுத்தவரையும் குறித்து வட்டாரவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்திலும் தென் ஜெர்மனியிலும் எத்தனையோ ஊர்களின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது இந்தப் பத்திரங்களில்தான். பத்திரம் எழுதிய துறவியின் கையெழுத்துக்குப் பெரும்பாலும் தேதி உண்டு. ஏடு எழுதியவரின் கையெழுத்துக்குத் தேதி கிடையாது. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை வைத்து மற்றதன் காலத்தைக் கணிக்க முடிகிறது. எக்கெஹார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தம் மடத்து ஏடுகள் பலவற்றில் திருத்தியும் விளக்கம் சேர்த்தும் அவர் எழுதிய ஓரக்குறிப்புகளை அறிஞர்கள் கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு வாசகர் வாழ்நாள் முழுக்க என்ன படித்தார், எங்கே முரண்பட்டார் என்பதை ஏடு ஏடாகப் பின்தொடரலாம். அந்த ஏடுகள் நாலு நாட்டில் சிதறியிருந்தால் அந்த வாசகரும் சிதறிப் போயிருப்பார்.

கழிவாகப் போனவற்றின் கதை இன்னும் வலுவான சான்று. தோல் விலை கூடிய பொருள். பழைய ஏட்டைப் பிரித்து, புதிய ஏட்டின் கட்டுமானத்துக்கு ஒட்டுத்தாளாகப் போடுவது அக்கால வழக்கம். அப்படித்தான் பழங்கால வெர்ஜில் சுவடி ஒன்றும், புனித ஜெரோமின் லத்தீன் நற்செய்திகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதியான ஐந்தாம் நூற்றாண்டுச் சுவடியும் துண்டுகளாகின. மடம் 1805இல் கலைக்கப்பட்ட பிறகு, அங்கே துறவியாக இருந்து நூலகரான இல்டெஃபோன்ஸ் ஃபான் ஆர்க்ஸ், அட்டைகளிலிருந்து இந்தத் துண்டுகளைப் பிரித்தெடுத்துத் தொகுத்தார். வேறு வேறு அட்டைகளுக்குள் கிடந்த தாள்கள் ஒரே சுவடியைச் சேர்ந்தவை என்று அவரால் காண முடிந்ததற்குக் காரணம், அந்த அட்டைகள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்ததுதான். அந்த நற்செய்திச் சுவடியின் வேறு சில தாள்கள் இன்று சூரிச்சில் இருக்கின்றன. அவை அங்கே போனது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு முதல் மறுப்பு 1416இலிருந்தே இருக்கிறது. அந்த ஆண்டு அங்கே வந்த இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ, ரோமானியப் பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியனின் நூலை முழுமையாகக் கண்டெடுத்தார். ஒரு கோபுரத்தின் அடியில், தூசும் பூஞ்சையும் மண்டிய இருட்டறையில், மரண தண்டனைக் கைதிகளைக்கூடப் போடத் தகாத இடத்தில் அது கிடந்தது என்று கொதித்து எழுதினார். ஒரே இடத்தில் இருப்பது என்றால் இப்படி அழுகிக் கிடப்பதுதானா என்று கேட்கலாம். மடம் அப்போது சீரழிந்திருந்தது உண்மை. போஜ்ஜோவின் சொற்களில் மிகை இருந்தாலும் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பயணத்தில் அவர் கண்ட, வலேரியுஸ் ஃப்ளாக்குஸ், அஸ்கோனியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர்களின் சுவடிகளுக்கு என்ன ஆயிற்று? பிரதி எடுத்தார்கள், மூலச்சுவடிகள் மறைந்துவிட்டன. நூல் பிழைத்தது, அதை எழுதிய கை, திருத்திய கை, ஓரத்தில் கேள்வி கேட்ட கை எதுவும் பிழைக்கவில்லை. மடத்தின் அசட்டை அறுநூறு ஆண்டு செய்யாத சேதத்தை ஆர்வலர்களின் காலம் செய்து முடித்தது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்தால் ஒரு தீ போதுமே. 937இல் சாங்க்ட் காலனே எரிந்திருக்கிறது. இத்தாலியின் மோன்டே காசினோ மடத்தை 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கின. முந்தைய ஆண்டே சுவடிகளை ரோமுக்குக் கொண்டுபோயிராவிட்டால் அன்று எல்லாம் சாம்பலாகியிருக்கும். இதை நான் மறுக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் ஏடுகளை அப்புறப்படுத்தத்தான் வேண்டும். விபோராடா சொன்னதும் அதைத்தானே. ஆபத்து தீர்ந்ததும் அவை திரும்ப வேண்டும் என்பதுதான் என் பேச்சு. திரும்பாமல் போனதற்கு ஜெர்மனியின் லோர்ஷ் மடம் உதாரணம். அதன் 300க்கும் மேற்பட்ட சுவடிகள் இன்று உலகெங்கும் 70க்கும் மேற்பட்ட நூலகங்களில் இருக்கின்றன. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் ஒன்றுசேர்த்தது போற்றத்தக்க பணி. எனினும் எது லோர்ஷ் ஏடு என்று தீர்மானிக்கவே அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்க வேண்டியிருந்தது. படங்களைச் சேர்ப்பதற்கு முன், எவற்றைச் சேர்ப்பது என்று தெரிய வேண்டும். சாங்க்ட் காலனில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. இடம்தான் முக்கியம் என்றால், 904ஆம் எண் சுவடியை அயர்லாந்துக்கே கொடுத்துவிடலாமே? ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய பிரிஷியன் லத்தீன் இலக்கணம் அது. வரிகளுக்கிடையில் பொடி எழுத்தில் ஆயிரக்கணக்கான பழைய ஐரிஷ் குறிப்புகள். பழைய ஐரிஷ் மொழியை நாம் அறிவதே பெரும்பாலும் இது போன்ற, கடல் கடந்து போன சில சுவடிகளால்தான். பிறந்த ஊரை அளவுகோலாக வைத்தால் எந்த மடத்து நூலகமும் மிஞ்சாது. வாழ்ந்த இடமே அளவுகோல் என்பேன். தாய்நாட்டில் அதன் காலத்து ஏடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. இந்த ஏட்டைப் பல நூற்றாண்டுகள் காத்து வைத்தது அது குடியேறிய வீடு.

அந்த வீட்டைக் கலைத்தது 1712ஆம் ஆண்டுப் போர். சூரிச், பெர்ன் படைகள் மடத்தைப் பிடித்து நூலகத்தை அள்ளிச் சென்றன. பிற்பாடு ஏற்பட்ட சமாதானத்தில் பெரும்பகுதி திரும்பியது. நூறு சுவடி வரை சூரிச் வைத்துக்கொண்டது. போஜ்ஜோ கண்டது என்று கருதப்படும் குவின்டிலியன் சுவடியும் சூரிச்சில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு நீடித்த வழக்கு 2006இல், மத்திய அரசு நடுவில் நின்று செய்த ஒப்பந்தத்தில் முடிந்தது. உரிமை சூரிச்சுக்கே என்று சாங்க்ட் காலன் ஒப்புக்கொண்டது; 35 சுவடிகளைக் கட்டணமின்றி, காலவரம்பில்லாத இரவலாக சூரிச் அனுப்பியது; அள்ளிப்போன பெரிய பூகோள உருண்டைக்குப் பதில் அச்சு அசலான நகல் ஒன்றையும் செய்து தந்தது. அரைகுறைத் தீர்வு என்று இதைத் தள்ளுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஒப்பந்தம் உரிமையையும் இருப்பிடத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது; 728ஆம் எண் பட்டியலைப் புரட்டும் ஆய்வாளருக்குத் தேவை இருப்பிடம்தான். உருண்டைக்கு நகல் போதும் என்று இரு தரப்பும் ஏற்றபோது, ஏடுகளுக்கு நகல் போதும் என்று யாரும் சொல்லவில்லை. மீதிச் சுவடிகள் சூரிச்சிலேயே இருக்கின்றன. அவற்றையும் இதே ஏற்பாட்டில் அனுப்பிவைப்பதால் சூரிச் இழக்கப்போவது எதுவும் இல்லை.

(தொடரும்)