சிறைமீண்டோரும் உறைவிடமும்

பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை வாசிப்போர் பெரும்பாலும் ஒநேசிமுவின்மீதே கருத்தைச் செலுத்துவர். 22ஆம் வசனத்தை இறுதி வாழ்த்துரையோடு சேர்த்துக் கடந்துவிடுவர். அங்கே பவுல், தாம் விடுவிக்கப்படுவோம் என்னும் நம்பிக்கையில், தமக்கென ஒரு தங்குமிடத்தை ஆயத்தம்பண்ணுமாறு வேண்டுகிறார். 'க்ஸெனியா' என்னும் கிரேக்கச் சொல் விருந்தினர்க்குரிய உறைவிடத்தைக் குறிப்பது. இவ்வேண்டுகோள் சிறையினுள்ளிருந்தே எழுகிறது என்பதே நாம் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

2015இல் ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளுள் 108ஆம் விதியும் இதனையே வற்புறுத்துகிறது. விடுதலையாவோர்க்கு அடையாள ஆவணங்களும் தகுந்த வீடும் வேலையும் இருக்குமாறு செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நம் நாட்டு நடைமுறையோ வேறு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5,73,000 பேரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். பிணை கிடைக்கும் நாளை இவர்கள் முன்னறிவதில்லை. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைகட்கு உதவும் மத்திய அரசின் திட்டமொன்று 2023 முதல் உண்டு, நல்லதே. அது கதவைத் திறக்கும். அன்றிரவு எங்கே படுப்பது என்பதற்கு அதில் விடையில்லை.

தண்டனைக் கைதிகளின் நிலை இன்னும் சிக்கலானது. முன்விடுதலையைப் பரிசீலிக்கும்போது நன்னடத்தை அலுவலர் கைதியின் ஊருக்குச் சென்று, அவரை ஏற்பார் உண்டா என விசாரித்து அறிக்கை தருகிறார். ஆகவே வீடின்மை, விடுதலைக்குப் பின் வரும் துன்பம் மட்டுமன்று. விடுதலைக்கே அது தடையாகவும் நிற்கக்கூடும்.

ஆதிச்சநல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒருவரை நான் அறிவேன். நீண்ட சிறைவாசத்திற்குப் பின் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலைப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தார். தாயார் மறைந்துவிட்டார், குடிசை இடிந்து கிடந்தது, மனையோ புறம்போக்கு. குடும்ப அட்டையிலும் பெயர் இல்லை. 2024இல் தொடங்கப்பெற்ற 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டிற்கு மூன்றரை இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் மனை சொந்தமாயிருத்தல் வேண்டும். சரி, வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். சிறையில் உழைத்துச் சேர்த்த கூலி, முன்பணத்திற்குப் போதுமானதாகவே இருந்தது. எந்த ஊர், யார் மகன், இதுவரை எங்கேயிருந்தீர் என்னும் மூன்றாம் வினாவில் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினர்.

அவ்வூர்ப் பரம்பில் 114 ஏக்கர் நிலம் தொல்லியல் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இறந்தோர்க்குத் தாழியமைத்து, தானியமும் கலங்களும் உடன்வைத்த முன்னோரின் மண் அது. காக்கப்படவேண்டியதே. எனினும் அங்கே நிற்கும்போதெல்லாம் உயிரோடிருக்கும் அம்மனிதரின் நினைவு எனக்கு எழாமற் போவதில்லை.

இரட்சணிய சேனையார் 1883இல் மெல்போர்னில் சிறைவாயில் இல்லம் ஒன்றைத் திறந்தனர். விடுதலையாவோரை வாயிலிலேயே சந்தித்து அழைத்துச்செல்வது அவர்தம் முறை. நமக்கோ புதிய கட்டடம் தேவையில்லை. நம் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றின் அருகே உபதேசியார் வீடு பூட்டிக் கிடப்பதை யாவரும் அறிவோம். நான் அப்போது பணியாற்றிய சேகரத்திலும் ஒன்று இருந்தது. அதனை அவருக்குத் தரலாம் என்று கமிட்டியில் கூறியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. "ஐயா, பெண்பிள்ளைகள் உள்ள தெரு" என்றார் ஒரு மூப்பர். அவ்வச்சத்தை நான் இகழவில்லை. பழிக்குப் பழி நடக்கும் நம் பகுதியில் எதிர்த்தரப்பார் தேடிவருவரோ என்னும் அச்சமும் நியாயமானதே. ஆகையால் சொந்த ஊரிலன்றிச் சற்றுத் தொலைவில் தங்குவதே சிலர்க்குப் பாதுகாப்பு. மூன்று கூட்டங்கள் கழிந்தபின், ஆறு மாதத்திற்கு மட்டும் என்று இசைந்தனர்.

இலவசமாக வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் மாதம் 500 ரூபாய் வாடகை குறித்தோம். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டோம். அந்தத் தாளைக் கொண்டுதான் அவர் குடும்ப அட்டைக்கு மனுச் செய்தார். ஆறாம் மாதம் கமிட்டி கூடியபோது, காலத்தை நீட்டலாம் என்று முதலில் சொன்னவர் அந்த மூப்பரே.