இரத்தக் கொழுப்பும் இரத்த உறவும்

இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது என்று மருத்துவர் கூறியதும் நம்மவர் பிரியாணியின் மீது பழி சுமத்துகின்றனர். அப்பழி முற்றிலும் பொய்யன்று. எனினும் உணவை மட்டுமே குற்றம் சாட்டினால், இந்நோயின் கடுமையான வகையொன்று நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மிகுவது கொலஸ்ட்ராலாகவோ டிரைகிளிசரைடாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், உடற்பருமன், மது, சில ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவற்றால் கொழுப்பு மிகுந்திருப்பின், அக்காரணத்தைச் சீர்செய்யப் பெரும்பாலும் அது தணியும். டிரைகிளிசரைடு அளவு மீறினால் கணைய அழற்சியும் ஏற்படக்கூடும்.

மரபு வழி வருவதோ வேறு. எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் உள்ளன. இதனைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏற்பிக்குரிய மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். ஒன்று பழுதானால் கெட்ட கொழுப்பு ஏறத்தாழ இருமடங்காகும். நடுவயதிலேயே மாரடைப்பு வரலாம். இரண்டும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே தோலிலும் தசைநாண்களிலும் கொழுப்புக் கட்டிகள் தோன்றும்; இருபது வயதுக்குள் மாரடைப்பு வருவதும் உண்டு.

இம்மரபுவழியைத் தெளிவாக்கிய ஆய்வுகளுள் ஒன்று அரபு மண்ணில் நிகழ்ந்தது. பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கச்சதூரியான், லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து 1964இல் அதனை வெளியிட்டார். நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கம் அங்கு மிகுதி.

உறவுத் திருமணத்தை நாம் பழிக்கவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் கூறும் மணமுடிக்கத் தகாதோரில் மாமன் மகளோ, சிறிய தந்தை மகளோ இல்லை. ஆயினும் அனுமதிக்கப்பட்டது வேறு, கடமையாக்கப்பட்டது வேறு என்பதை நம் ஃபிக்ஹு மாணவர் எவரும் அறிவர். பொதுமக்களில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இப்பழுது உண்டு. ஒருவரிடம் அது இருப்பின், அவருடைய மாமன் மகளிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகும். பழுதுடைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பழுதும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இளவயதில் மாரடைப்பால் ஒருவர் மரணித்தால், 'கத்ர்' என்று கூறி அடக்கம் செய்து திரும்புகிறோம். அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் எவரும் சோதிப்பதில்லை. பெரியவர் ஒருவரின் எல்.டி.எல். 190ஐத் தாண்டினாலே மரபுவழி நோயை ஐயுற வேண்டும். ஒற்றைப் பழுதுடைய பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலிருந்தே ஸ்டேட்டின் மாத்திரை தரப்படுகிறது. இரட்டைப் பழுதுடையோர்க்கு அது போதாது. இயந்திரத்தின் வழியே இரத்தத்திலிருந்து கொழுப்பை வடிகட்டும் சிகிச்சையும் பலருக்குத் தேவைப்படுகிறது.