கார்க் கண்ணாடி ஏற மறுத்தால்...

வாகனம் அல்லாஹ் நமக்கு அளித்திருக்கும் நிஃமத்துகளுள் ஒன்று. அது ஒழுங்காக ஓடும்வரை அதன் அருமையை நாம் உணர்வதில்லை. சிறியதோர் உறுப்பு பழுதுபட்டதும் பயணம் முழுவதுமே துன்பமாகிவிடுகிறது.

ஓர் ஐப்பசி மாத இரவு. காயல்பட்டினத்தில் நிகாஹ் விருந்தை முடித்துக்கொண்டு குடும்பத்துடன் திருநெல்வேலி திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் என் தங்கையின் நான்கு வயது மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். காற்று வேண்டுமென்று அவள் கேட்டதால் இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினோம். சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி ஏறவில்லை; ஓசைகூட எழவில்லை. தலையணை உறையையும் பிளாஸ்டிக் பையையும் கொண்டு திறப்பை அடைத்தோம். ஆயினும், வீடு வந்து சேர்ந்தபோது குழந்தை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அல்லாஹ்வின் அருளால் மூன்று நாள்களில் குணமடைந்தாள்.

மறுநாள் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில், “மோட்டார் போய்விட்டது, மாற்ற ஏழாயிரம் ரூபாய் ஆகும்” என்றார்கள். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனம் ஒப்பாமல், வயது முதிர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சென்றேன். அவர் சுவிட்சை அழுத்திப் பிடித்தபடியே கதவை மெல்லத் திறந்து மூடினார். ஒரு நிலையில் கண்ணாடி சட்டென்று அசைந்தது. “பாய், மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கதவுக்குப் போற ஒயர்தான் உள்ளே அறுந்து கிடக்கு” என்றார். அரை மணி நேர வேலை. கூலி முந்நூற்றைம்பது ரூபாய்!

அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கதவுக்குள் இருப்பது என்ன?

அம்பாசிடர், மாருதி 800 போன்ற கார்களில் கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். இன்று அந்தக் கைப்பிடியின் வேலையை 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறிய மோட்டார் செய்கிறது. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கண்ணாடி ஏறும். திசை மாறிப் பாய்ந்தால் இறங்கும். மோட்டாரின் சுழற்சியைக் கண்ணாடிக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். சில கார்களில் அது கத்தரிக்கோலைப் போன்ற இரும்புக் கரங்களால் ஆனது. வேறு பலவற்றில் மெல்லிய கம்பி வடமும் பிளாஸ்டிக் உருளைகளும் கொண்டது. கண்ணாடி வழுவி ஓடுவதற்கு இருபுறமும் ரப்பர் பீடிங் அமைந்திருக்கும்.

ஆக, பழுது ஏற்படக்கூடிய இடங்கள் ஐந்தாறுதாம்: ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார், ரெகுலேட்டர், பீடிங். இவற்றுள் எது என்று அறிவதே பாதி வைத்தியம்.

செலவில்லாச் சோதனைகள்

முதலில், ஓட்டுநர் பக்கத்திலுள்ள பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். குழந்தைகள் விளையாடாதிருக்க மற்றக் கண்ணாடிகளை முடக்கும் பொத்தான் அது. தவறுதலாக அது அழுந்தியிருப்பதை அறியாமல் மெக்கானிக்கைத் தேடி ஓடியவர்கள் உண்டு.

அடுத்து, பழுது ஒரே கண்ணாடியிலா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், நான்கு மோட்டார்களும் ஒருங்கே கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபியூஸையோ பொதுவான மின்னிணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே மாற்ற வேண்டும். கூடுதல் ஆம்பியர் போடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

ஒரு கண்ணாடி மட்டும் நின்றிருந்தால், ஓட்டுநர் பக்கச் சுவிட்சிலும் அந்தக் கதவின் சுவிட்சிலும் மாற்றி மாற்றி முயலுங்கள். ஒன்றில் இயங்கி மற்றொன்றில் இயங்காவிட்டால், மோட்டார் நலமே. குறை பெரும்பாலும் சுவிட்சில்தான்.

இனி, காதைக் கூர்மையாக்குங்கள். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், வடம் அறுந்திருக்கும். அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். ஓசையே இல்லையெனில், சுவிட்சை அழுத்தும்போது காரின் உள்விளக்கைக் கவனியுங்கள். வெளிச்சம் சற்றே மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் சேர்கிறது, ஆனால் அது இறுகி நிற்கிறது என்று பொருள் கொள்ளலாம். சிறிதும் மங்காவிட்டால் பெரும்பாலும் வழியில் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயினுள் செல்லும் ஒயர்கள், கதவு திறந்து மூடுந்தோறும் வளைந்து வளைந்து நாளடைவில் அறுந்துபோகின்றன. எங்கள் காருக்கு நேர்ந்தது இதுவே.

கண்ணாடி ஏறுகிறது, ஆனால் மெதுவாகத் திணறி ஏறுகிறது என்றால் பீடிங்கில் புழுதி சேர்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் கெடும், புழுதியும் அப்பிக்கொள்ளும். திணறும் கண்ணாடியை அப்படியே விட்டால், சுமை கூடி நல்ல மோட்டாரும் கெடும். தொடர்ந்து பலமுறை இயக்கினால் சூட்டினால் மோட்டார் தானே நின்றுவிடுவதும் உண்டு. சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மழையில் அவசரமாக மூட நேர்ந்தால், ஒருவர் சுவிட்சை ஏறும் பக்கம் அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் கண்ணாடியை இரு உள்ளங்கைகளுக்கிடையே பற்றி மெல்ல மேலே தூக்கலாம். கதவைச் சற்றே திறந்து மூடியும் முயலலாம். இந்த எளிய உபாயம் அன்றிரவே தெரிந்திருந்தால் அந்தப் பிஞ்சு நனைந்திராது.

கதவைத் திறக்குமுன்

கைத்திறன் உடையவர்கள் தாமே பழுதுபார்க்க முற்படலாம். இரண்டே ஒயர்கள் கொண்ட சாதாரண மோட்டாரானால், அதன் இணைப்பில் டெஸ்ட் லாம்பை வைத்துச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு எரிந்தும் மோட்டார் சுழலாவிட்டால் குறை மோட்டாரில். எரியாவிட்டால் ஒயரிலோ சுவிட்சிலோ.

கழற்றத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி நழுவி விழாதபடி அதைக் கதவுச் சட்டத்தோடு வலுவான ஒட்டுநாடாவால் ஒட்டிவைக்க வேண்டும். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் முறுக்கேறிய சுருள்வில் இருக்கும். அதைக் கட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் இரும்புக்கரம் பாய்ந்து விரல்களைச் சிதைத்துவிடும். கதவில் ஏர்பேக் உள்ள கார்களைத் தேர்ந்தவர்களிடமே விடுங்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளையும் கிழித்தெறியாமல் மீண்டும் ஒட்டவேண்டும். இல்லையேல் மழைநீர் காருக்குள் கசியும்.

பெற்றோரே, கவனம்!

ஏறும் கண்ணாடிக்கு இரக்கம் தெரியாது. தலையை வெளியே நீட்டிய குழந்தையின் முழங்கால், அழுத்தினால் ஏறும் சுவிட்சின்மீது பட்டாலே போதும், கண்ணாடி கழுத்தை நெருக்கிவிடும். உலகில் பல குழந்தைகள் இவ்வாறு உயிரிழந்திருக்கிறார்கள். இதனால்தான் சுவிட்சை மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் அமைப்பைக் கட்டாயமாக்க அமெரிக்காவில் 2005-இல் சட்டம் இயற்றப்பட்டது. தானாக ஏறும் கண்ணாடி ஏதேனும் தடையில் பட்டால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டுமுன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையின் அளவைத் தாண்டுமுன், திரும்பி இறங்கவேண்டும் என்று ஐ.நா.வின் 21-ஆம் வாகன விதி கூறுகிறது. எனினும், இந்த வசதி எல்லாக் கார்களிலும் எல்லாக் கண்ணாடிகளுக்கும் இருப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின், உரிமையாளர் கையேட்டில் கூறியபடி மீண்டும் பழக்கப்படுத்தாவிட்டால் சில கார்களில் இது செயற்படாது.

ஆகவே, கண்ணாடியை ஏற்றுமுன் திரும்பிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும்போது பூட்டுப் பொத்தானை அழுத்தியே வையுங்கள். காரைவிட்டு இறங்கும்போது, ஒரு நிமிட வேலையாயினும், சாவியையும் குழந்தையையும் உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி கற்பித்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத் நாம் அல்லவா?

அமானிதம்

இறுதியாக ஒரு வார்த்தை. ஏழாயிரம் கேட்டவர் என்னை ஏமாற்ற எண்ணினார் என்று நான் கூறமாட்டேன். சோதியாமல் சொன்னார், அவ்வளவே. பிறர்மீது தீய எண்ணம் கொள்வது நமக்குத் தகாது. ஆனால், விசாரித்துக் கொள்வது தீய எண்ணமாகாது. “எதனால் மோட்டார் என்கிறீர்கள்? மின்சாரம் வருகிறதா, பார்த்தீர்களா?” என்று கனிவோடு கேளுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களே! நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் காண்பதில்லை. காணாத இடத்தில்தான் அமானிதம் சோதிக்கப்படுகிறது. அந்த முதியவர் நினைத்திருந்தால் ஏழாயிரத்தை அவரே வாங்கியிருக்கலாம். அவர் முந்நூற்றைம்பதுதான் வாங்கினார். எங்கள் குடும்பத்தின் துஆவையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் நம் குழந்தைகளையும் பாதுகாத்து அருள்வானாக! ஆமீன்.