வாந்திக்கு அப்புறம் நெஞ்சு வலியா? 'கேஸ்'னு சோடா குடிக்காதீங்க பாஸ்!

உங்க நண்பர் ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கோங்க. பார்ட்டியில சரக்கு, வெளிய வந்ததும் தல்லாகுளத்துல கறி தோசை, போதாததுக்கு ரெண்டு பரோட்டா. ரூமுக்கு வந்ததும் ஆரம்பிக்குது வாந்தி. அஞ்சாவது தடவை ஓங்கரிக்கும்போது சட்டுனு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். நீங்க என்ன செய்வீங்க?

"கேஸ் பிடிச்சிருக்கும்டா, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்பதுதான் நம்ம ஊர் முதலுதவி. நெஞ்சு வலி, முதுகு வலி, ஏப்பம் வரலைன்னா, கல்யாண வீட்டுச் சாப்பாடு சேரலைன்னா... எல்லாத்துக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து. பல நேரம் அது ஒத்துப்போயிடவும் செய்யும். ஆனா, பலமான வாந்திக்குப் பிறகு வர்ற நெஞ்சு வலியில அரிதா ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. அப்போ குடிக்கிற சோடா வயித்துக்குப் போகாது. உணவுக்குழாயில விழுந்த ஓட்டை வழியா நேரா நெஞ்சுக்கூட்டுக்குள்ள போகும்.

அது எப்படி?

நம்ம உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ நீளமுள்ள தசைக் குழாய். குடலைச் சுத்தி இருக்கிற மாதிரி உறுதியான வெளியுறை இதுக்குக் கிடையாது. வாந்தி வரும்போது வயித்துத் தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து இரைப்பையைப் பிழியும். மேல தொண்டைப் பக்கம் இருக்கிற வால்வு சரியான நேரத்துல திறந்தா எல்லாம் வெளிய வந்துடும். திறக்கலைன்னா மொத்த அழுத்தமும் குழாயோட கீழ்ப்பகுதியில மோதும். 'பஸ்ல இருக்கோம், ஆளுங்க இருக்காங்க'னு வாயை இறுக்கி மூடி வாந்தியை அடக்குறோம் இல்லையா... அது நல்லதில்லைன்னு சொல்றது இதனாலதான்.

அந்த அழுத்தத்துல ரெண்டு விதமான காயம் வரலாம். முதலாவது, உள்பக்க மெல்லிய சவ்வு மட்டும் கிழியறது. 1929-ல் பாஸ்டனைச் சேர்ந்த கென்னத் மலோரி, சோமா வைஸ் என்ற ரெண்டு டாக்டர்கள், மூக்கு முட்டக் குடிச்சிட்டு வாந்தி எடுத்து, அப்புறம் ரத்த வாந்தியோட வந்த 15 பேரைப் பத்தி எழுதினாங்க. அதனால இதுக்கு 'மலோரி-வைஸ் கிழிசல்'னு பேரு. முதல் சில வாந்தியில சாப்பாடு வரும். அப்புறம் வர்ற வாந்தியில சிவப்பா ரத்தம் இருக்கும், இல்லைன்னா காபித்தூள் கரைச்ச மாதிரி கறுப்பா வரும். மறுநாள் மலம் தார் மாதிரி போகலாம். இந்தக் கிழிசல் பெரும்பாலும் தானாவே ஆறிடும். ரத்தம் நிக்கலைன்னா எண்டோஸ்கோப்பி மூலமா உள்ள பார்த்து, ஊசி போட்டோ, குட்டி கிளிப் மாட்டியோ நிறுத்துவாங்க. குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. மசக்கை வாந்தியில தவிக்கிற கர்ப்பிணிகளுக்கும், எடை ஏறிடும்னு பயந்து சாப்பிட்டதை விரல் விட்டு வெளியேத்துறவங்களுக்கும் வரலாம்.

ஆனா, தானா ஆறிடும்ங்கிறதை வெச்சு ரத்த வாந்தியை வீட்டுல வெச்சுப் பார்க்கக் கூடாது. பல வருஷமா குடிச்சுக் கல்லீரல் கெட்டுப்போனவங்களுக்கு உணவுக்குழாய் ரத்த நாளங்கள் வீங்கி வெடிச்சும் இதே மாதிரி ரத்தம் வரும். அது சில மணி நேரத்துல உயிரையே எடுத்துடலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் உங்க கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலதான் தெரியும்.

ரெண்டாவது காயம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அதுல குழாய் முழுசா, ஆர்பார் கிழிஞ்சிடும்.

300 வருஷத்துக்கு முந்தின ஒரு விருந்து

1723, நெதர்லாந்து. யான் வான் வாசனார் அந்த நாட்டோட கடற்படைத் தளபதி, பெரிய பிரபு. சாப்பாட்டுப் பிரியர். நல்லா சாப்பிட்டுட்டு வாந்தி மருந்து குடிச்சு வயித்தைக் காலி பண்றது அவரோட பழக்கம். ஒரு விருந்துக்குப் பிறகு அப்படி மருந்து குடிச்சவர், ஓங்கரிக்கும்போது திடீர்னு அலறினார். உள்ள ஏதோ கிழிஞ்சு, இடம் மாறிப்போச்சுன்னு சொன்னார். வலி தணியட்டும்னு ஆலிவ் எண்ணெயும் பீரும் குடிச்சார். அந்தக் காலத்துச் சோடான்னு வெச்சுக்கோங்க.

ஐரோப்பாவே மதிச்ச டாக்டர் ஹெர்மன் பூர்ஹாவே லைடன் நகரத்துல இருந்து வந்து பார்த்தார். அவருக்கும் என்னன்னு பிடிபடலை. தளபதி ஒரு நாள்கூடத் தாங்கலை. பிரேதப் பரிசோதனையில நெஞ்சைத் திறந்தப்போ வறுத்த வாத்துக் கறி வாசனை அடிச்சது. சாப்பிட்டதும் குடிச்சதும் நுரையீரலைச் சுத்திக் கிடந்தது. உணவுக்குழாய் ரெண்டா பிரிஞ்சிருந்தது. பூர்ஹாவே இதை 1724-ல் அறிக்கையா வெளியிட்டார். இன்னைக்கும் இந்தக் காயத்துக்குப் பேரு 'பூர்ஹாவே சிண்ட்ரோம்'. இந்த மாதிரி கிழிசலை ஆபரேஷன் மூலமா தைச்சு நோயாளியைப் பிழைக்க வைக்க 1940-கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இந்தக் கதையில பெருசாத் தெரியறது வாத்து இல்லை. கூடவே இருந்த அவ்வளவு பெரிய டாக்டருக்கே கண்டுபிடிக்க முடியலைங்கிறதுதான். இன்னைக்கும் இது மாரடைப்பு, அல்சர், கணைய வீக்கம், நிமோனியான்னு பல வேஷத்துல வரும். இதுல ரத்தமும் அதிகம் வராது. 'ரத்தம்தான் வரலையே'னு நாம நிம்மதியா இருந்துடுவோம்.

முதல்ல வலியா, முதல்ல வாந்தியா?

பூர்ஹாவேகிட்ட இல்லாத எக்ஸ்ரேவும் சி.டி. ஸ்கேனும் இப்போ இருக்கு. ஆனா, அந்த ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டருக்குத் தோணணுமே. அதைத் தோண வைக்கிற துப்பு நோயாளிகிட்டயும், கூட வந்த உங்ககிட்டயும்தான் இருக்கு. அதுதான் வரிசை. மாரடைப்புல பொதுவா நெஞ்சு வலி முதல்ல, வாந்தி அப்புறம். கணைய வீக்கத்துலயும் வயித்து வலியைத் தொடர்ந்துதான் வாந்தி. உணவுக்குழாய் கிழிசல்ல இது தலைகீழ். பலமா வாந்தி, அந்த நொடியே தாங்க முடியாத வலி. "நெஞ்சு வலிக்குது சார்"னு மட்டும் சொல்லாதீங்க. "நாலு தடவை வாந்தி எடுத்தான், கடைசி வாந்தியில வலி வந்துச்சு"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

இன்னொண்ணு, சரக்கு மேட்டர். பக்கத்துல அப்பா நிக்கிறாரேன்னு "ஹோட்டல் சாப்பாடு சேரலை சார்"னு சமாளிக்கிற நண்பர்கள் நிறைய. அப்பாவை மருந்துச்சீட்டோட வெளிய அனுப்பிட்டாவது டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.

மாரடைப்பு இல்லைன்னு உறுதி பண்ண முதல்ல ஈ.சி.ஜி. எடுப்பாங்க. கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாங்க. கிழிசல் வழியா கசிஞ்ச காத்து தோலுக்கு அடியில ஏறியிருந்தா, அழுத்தும்போது அப்பளம் நொறுங்கற மாதிரி நறநறன்னு இருக்கும். வாந்தி, நெஞ்சு வலி, இந்த நறநறப்பு மூணும் சேர்ந்து இருந்தா சந்தேகம் வலுக்கும். ஆனா மூணும் சேர்ந்து வராதவங்கதான் அதிகம். எக்ஸ்ரேல இதயத்தைச் சுத்திக் காத்தோ, இடது நுரையீரல் பக்கம் நீரோ தெரியலாம். ஆரம்ப மணி நேரங்கள்ல எக்ஸ்ரே நார்மலாவும் இருக்கலாம். அதனால 'எக்ஸ்ரே நல்லா இருக்கு'ன்னதும் கிளம்பிடாதீங்க, வலி குறையலைன்னா திரும்பச் சொல்லுங்க.

உறுதி பண்றது சி.டி. ஸ்கேன்தான். கூடவே, நீர்ல கரையற ஒரு சாய மருந்தைக் கொஞ்சம் விழுங்க வெச்சு, அது எங்க கசியுதுன்னு படம் எடுப்பாங்க. பேரியத்தை முதல்ல தர மாட்டாங்க, அது நெஞ்சுக்குள்ள கசிஞ்சா அங்க அழற்சி வரும். நுரையீரலைச் சுத்தி நீர் இருந்தா ஊசியில எடுத்துச் சோதிப்பாங்க. அதுல எச்சில்ல இருக்கற அமைலேஸ் அதிகமா இருந்தாலோ, சோத்துப் பருக்கை தெரிஞ்சாலோ அப்புறம் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் நடக்குதோ அவ்வளவு நல்லது. முதல் 24 மணி நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சு ஆன்டிபயாடிக், ஆபரேஷன், ஸ்டென்ட்னு ஆரம்பிச்சா பிழைக்கிற வாய்ப்பு கணிசமா கூடும். விட்டுட்டா, கசிஞ்ச உணவும் அமிலமும் நெஞ்சுக்குள்ள சீழ் பிடிக்க வெச்சுடும்.

தல்லாகுளத்துல இருந்து கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். இப்போ ராஜாஜி ஆஸ்பத்திரி, பழைய ஆளுங்களுக்கு எர்ஸ்கின். எந்த ஊரா இருந்தாலும் 108-க்குப் போன் பண்ணுங்க. வாய் வழியா எதுவும் கொடுக்காதீங்க. சோடா மட்டுமில்லை, தண்ணி, மாத்திரை, ஜெலுசில், இஞ்சிச் சாறு எதுவுமே வேண்டாம். படுக்க வெச்சா மூச்சு முட்டுதுன்னா சாய்ஞ்ச மாதிரி உட்கார வைங்க.

அப்புறம், வாந்தியை வரவழைக்கிற பழக்கம். போதை இறங்கணும்னு தொண்டையில விரல் விடுறது, யாராவது அரளி விதையோ பூச்சிமருந்தோ குடிச்சிட்டா உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல்னு ஊத்துறது... நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல இன்னும் நடக்குது. அரை மயக்கத்துல இருக்கிறவருக்கு அது நுரையீரலுக்குள்ள போகும். ஆசிட் மாதிரி எரிக்கிற பொருளா இருந்தா, போகும்போது ஒரு தடவை சுட்ட உணவுக்குழாயைத் திரும்பி வரும்போது இன்னொரு தடவை சுடும். வீட்டுல வாந்தி மருந்து வெச்சுக்கச் சொல்லிட்டு இருந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2003-ல் அதை வேண்டாம்னு சொல்லிடுச்சு. குடிச்ச டப்பாவை எடுத்துக்கிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு பார்த்துட்டு மத்ததை டாக்டர் முடிவு பண்ணுவார்.