கடல்நீரைக் குழாயில் கொடுக்கும் ‘சிப்காட்’: ஹவாயில் என்ன நடக்கிறது?

சிப்காட்டில் பிளாட் எடுத்தால் ரோடு, கரன்ட், தண்ணீர், வடிகால் எல்லாம் ரெடியாக இருக்கும். மெஷினைக் கொண்டுபோய் இறக்கி வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான். அதே வசதியை இறால், மீன், பாசி வளர்ப்பவர்களுக்கு அரசே செய்து கொடுத்தால்?

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் பல வருடங்களாக இப்படி ஒரு இடம் இருக்கிறது. கோனா விமான நிலையத்தை ஒட்டி, கெயாஹோலே முனையில், எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை நிலம். சுமார் 870 ஏக்கர். மாநில அரசின் ‘நெல்ஹா’ என்ற அமைப்பு நடத்துகிறது. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயத்துக்கு லாயக்கில்லாத இந்த இடத்தில் நிறுவனங்கள் வாடகை கொடுத்துத் தொழில் செய்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது மீன் வளர்க்கத் தொடங்கிய இடமே இல்லை. 1973-ல் வந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, கடலிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க 1974-ல் ஆரம்பித்த ஆய்வுக்கூடம். மேல் மட்டத்துச் சூடான நீருக்கும் ஆழத்துக் குளிர்ந்த நீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்து டர்பைனைச் சுழற்றுவது திட்டம். அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் சரேலென்று ஆழமாகிவிடும் என்பதால் குழாய் இறக்க வசதி. சோதனைகள் வெற்றிகரமாகவே நடந்தன. ஆனால், 2015-ல் அங்கே மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்ட நிலையத்தின் திறன் வெறும் 100 கிலோவாட்!

குழாய் மட்டும் வீணாகவில்லை. 600 மீட்டருக்கும் கீழே இருந்து சுமார் 6 டிகிரி குளிர்ச்சியில் மேலே வரும் அந்த நீரில் சத்துகள் அதிகம். நோய்க்கிருமிகள் மிகக் குறைவு. மேல் மட்டத்து நீருக்குத் தனிக் குழாய். இரண்டையும் கலந்தால் கேட்ட வெப்பநிலையில் நீர் ரெடி. ஜப்பானின் குளிர்ந்த கடலில் வாழும் அபலோன் என்ற கடல் நத்தை, வெயில் கொளுத்தும் ஹவாயில் வளர்வது இப்படித்தான். 1980-களிலேயே வந்த சயனோடெக் நிறுவனம் ஸ்பைருலினா பாசியைக் காயவைக்கும் வேலைக்கும் இந்தக் குளிர்நீரைப் பயன்படுத்துகிறது.

நம் தட்டுக்கும் ஒரு தொடர்பு

இந்தியாவில் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தது 2009-ல். அது நம் கடல் இனம் இல்லை. அதனால் குறிப்பிட்ட நோய்கள் இல்லை என்று உறுதிசெய்யப்பட்ட தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவருகிறார்கள். அப்படி அனுப்பும் நிறுவனங்களில் சில இயங்குவது ஹவாயில், இதே கோனா வளாகத்தில்தான். சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதனை முடிந்த பிறகே அவை மரக்காணம் போன்ற ஊர்களின் ஹேட்சரிகளுக்குப் போகும்.

நோய்க்கு இவ்வளவு பயம் ஏன்? 1990-களில் நம் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். ஆளுக்கொரு பண்ணை, ஆளுக்கொரு மோட்டார். எல்லோரும் ஒரே கால்வாயில் நீரை எடுத்து, அதே கால்வாயில் கழிவை விட்டார்கள். உங்கள் குட்டைக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து நீரைத் திறந்துவிட்டால், அடுத்த ஏற்றத்தில் அது பக்கத்துப் பண்ணைக்குள் போய்விடும். போதாக்குறைக்கு நிலத்தடி நீர் உப்பானது, வயல்கள் கெட்டன. நாகைப் பகுதியில் போராடிய சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்த பண்ணைகளை மூடச் சொன்னது. ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்தது 2005-ல்.

கோனாவில் எடுக்கும் நீரையும் விடும் நீரையும் கலக்கவிடுவதில்லை. கழிவுநீரை நேராகக் கடலில் கொட்டாமல் பாறை நிலத்தில் வெட்டிய பள்ளங்களில் இறக்குகிறார்கள். கடலோர நீரையும் நிலத்தடி நீரையும் வளாகத்தின் ஆய்வகமே தொடர்ந்து சோதிக்கிறது. என்னைக் கேட்டால், அரசு விற்பதில் நிலத்தைவிட மதிப்பானது இதுதான். சின்னக் கம்பெனி தனியாக ஆழ்கடல் குழாய் போட முடியாது. கழிவை ஒழுங்காக விடுவதற்கும் தனி ஆளாகச் செலவு செய்ய மாட்டார்கள்.

அப்போ செலவு?

அங்கேதான் சிக்கல். பெரிய குழாய்களைப் போட்டது பொதுப் பணம். அன்றாடச் செலவு வாடகையிலும் நீர்க் கட்டணத்திலும் ஓடுகிறது. பம்புகள் இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரத்துக்கு எண்ணெயையே பெரிதும் நம்பியிருக்கும் ஹவாயில், யூனிட் விலை அமெரிக்காவிலேயே அதிகம். எண்ணெய் விலை ஏறினால் நீர்க் கட்டணமும் ஏறும். அந்த விலையைத் தாங்கக்கூடியது எது? கிலோ கணக்கில் விற்கும் சாதா மீன் அல்ல. தாய் இறால், சிப்பிக் குஞ்சு, மாத்திரையில் போகும் பாசி போன்ற விலை உயர்ந்த சரக்குதான்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127.71 கோடியில் திட்டமிடப்பட்ட கடற்பாசிப் பூங்காவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. திசு வளர்ப்புக் கூடம், சோதனைக் கூடம், ஒற்றைச் சாளர உதவி எல்லாம் திட்டத்தில் உண்டு. கோடையில் கடல் சூடானால் மிதவையில் கட்டிய காப்பாபைகஸ் பாசி அழுகிப்போகும். அடுத்த பருவத்துக்கு விதைக்கே தட்டுப்பாடு வரும். அங்கே மிதவை கட்டும் பெண்களுக்கு பிளாட் தேவையில்லை. ஜூன் மாதம் நல்ல விதை, கட்டுப்படியாகும் விலையில் கையில் கிடைக்க வேண்டும்.